பதிப்புரிமை பற்றி மாணவர்கள் உருவாக்கிய இணையதளத்தை மதிப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதிப்புரிமை என்றால் என்ன என்று மாணவர்களே ஓர் இணையதளம் உருவாக்கி, தங்கள் வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் செயல்திட்டம் பல வகுப்புகளில் தரப்படுகிறது. அந்தத் தளத்தைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டிய ஆசிரியர், நூலகர், போட்டி நடுவர், சக மாணவர் ஆகியோருக்கு வழக்கமாக எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே உள்ளன.

மற்ற பாடங்களைப் பற்றிய தளங்களை மதிப்பிடுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

எரிமலையைப் பற்றிய தளம் எரிமலையை விளக்கினால் போதும். பதிப்புரிமையைப் பற்றிய தளமோ தான் விளக்கும் சட்டத்துக்குத் தானே கட்டுப்பட்டது. அதில் இருக்கும் ஒவ்வொரு படமும், பின்னணி இசையும், எழுத்துருவும், வாக்கியமும் யாரோ ஒருவருடையது. ஆகவே இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும்: தளம் சொல்வது சரியா? சொன்னபடி தளம் நடந்துகொள்கிறதா?

இரண்டாவது கேள்விக்கு முதல் கேள்விக்குச் சமமான எடை தர வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. சட்டத்தைப் பற்றிச் சரியான ஒரு பத்தியைப் பாடநூலிலிருந்து புரியாமலே எடுத்து எழுதிவிட முடியும். ஆனால் ஒரு படத்தின் கீழ் எடுத்தவர் பெயர், படம் கிடைத்த இடம், உரிமத்தின் (பயன்படுத்தத் தரப்பட்ட அனுமதியின்) பெயர், செய்த மாற்றம் ஆகியவற்றைப் புரியாமல் சரியாக எழுத முடியாது. மாணவர் கற்றுக்கொண்டாரா என்பதற்கு அந்த ஒரு வரியே நல்ல சான்று.

எந்த வரிசையில் பார்ப்பது? எவ்வளவு நேரம் ஆகும்?

பத்துப் பதினைந்து பக்கங்கள் உள்ள தளத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதல் ஐந்து நிமிடம் எதையும் படிக்காதீர்கள். முகப்பு, அடிக்குறிப்பு, ‘எங்களைப் பற்றி’, ஆதாரப் பட்டியல் ஆகியவற்றை மட்டும் திறந்து ஐந்து விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: உருவாக்கியவர் யார், எந்த வயதினருக்காக, எந்த ஆண்டில், எந்த நாட்டின் சட்டம், தளத்தின் உள்ளடக்கத்துக்கு என்ன உரிமம். இவற்றில் குறைந்தது மூன்று விவரங்கள்கூடக் கிடைக்காவிட்டால் அதுவே உங்கள் முதல் குறை.

அடுத்த அரை மணி நேரம் படங்களுக்கும் இசைக்கும். பிறகு 35 நிமிடம் உள்ளடக்கத்தின் சரித்தன்மைக்கு. மீதி நேரம் வினாடி வினாவுக்கும் வடிவமைப்புக்கும். படங்களை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நன்றாக எழுதப்பட்ட பக்கங்களைப் படித்து முடித்தபின் மனம் இளகிவிடும். படத்துக்கு உரிமக் குறிப்பு இல்லாதது அப்போது சின்ன விஷயமாகத் தோன்றும்.

தொடங்கும் முன் பக்கங்களைப் பிடிஎஃப் ஆகச் சேமித்து, தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். பாதி மதிப்பீட்டில் மாணவர் தளத்தைத் திருத்திவிட்டால், நீங்கள் எழுதிய குறைக்கும் கண்முன் இருக்கும் பக்கத்துக்கும் பொருத்தம் இருக்காது.

நான் சட்டம் படித்தவரில்லை. தளத்தில் இருக்கும் சட்ட விவரம் சரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லா விவரமும் நாட்டுக்கு நாடு மாறுவதில்லை. 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகள் உள்ளன. அந்த நாடுகள் அனைத்துக்கும் பொதுவான அடித்தளத்தை நீங்கள் தெரிந்துவைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. பாதுகாப்பு தானாகக் கிடைக்கும். பதிவோ அடையாளக் குறியோ அதற்கு நிபந்தனை அல்ல. எழுத்துப் படைப்புகளுக்குப் பொது விதியாகக் குறைந்தபட்சக் காலம் ஆசிரியரின் வாழ்நாளும் அவர் இறந்தபின் 50 ஆண்டுகளும். வெளியான படைப்பிலிருந்து நியாயமான அளவு மேற்கோள் காட்டலாம். அப்போது மூலத்தையும் ஆசிரியர் பெயரையும் சொல்ல வேண்டும். பொருளாதார உரிமையை விற்றுவிட்டாலும் ‘இது என் படைப்பு’ என்று உரிமை கோருவதற்கும், பெயருக்குக் கேடு வரும்படி அதைச் சிதைப்பதை எதிர்ப்பதற்கும் படைப்பாளிக்கு உரிமை உண்டு. இவற்றுக்கு எதிராகத் தளம் எதையாவது சொன்னால் அநேகமாக அது தவறு.

இதற்கு மேலுள்ளவை நாட்டின் சட்டத்தைப் பொறுத்தவை. உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு நடத்தும் ‘வைப்போ லெக்ஸ்’ தரவுத்தளத்தில் பல நாடுகளின் பதிப்புரிமைச் சட்டங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தளம் ‘சட்டம் இப்படிச் சொல்கிறது’ என்று எழுதியிருக்கும் வாக்கியங்களில் ஐந்தைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பிரிவைத் திறந்து ஒப்பிடுங்கள். ஐந்தும் சரியாக இருந்தால் மீதியை நம்பலாம். இரண்டு தவறினால் எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

இத்தகைய தளங்களில் அதிகம் காணப்படும் தவறுகள் எவை?

‘பதிவு செய்தால்தான் பதிப்புரிமை கிடைக்கும்’ என்பது முதலிடம். படைப்பை எழுத்திலோ படத்திலோ ஒலிப்பதிவிலோ ஆக்கிய நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. ஆனால் இதைத் திருத்தப்போய் ‘பதிவால் எந்தப் பயனும் இல்லை’ என்று எழுதும் தளங்களும் இருக்கின்றன, அதுவும் தவறே. அமெரிக்காவில், அங்கே உருவான படைப்புக்காக வழக்குத் தொடுக்கும் முன் பதிவு வேண்டும். சட்டம் நிர்ணயித்த இழப்பீட்டைக் கேட்பதற்கும் உரிய காலத்தில் செய்த பதிவு வேண்டும்.

‘வட்டத்துக்குள் சி அடையாளம் இல்லையென்றால் எடுத்துக்கொள்ளலாம்’ என்பது அடுத்தது. இதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கா பெர்ன் உடன்படிக்கைக்கு வந்தது 1989 மார்ச் 1-இல்தான். அதற்கு முன் அங்கே அந்த அடையாளத்துக்குச் சட்ட முக்கியத்துவம் இருந்தது. பழைய புத்தகத்திலிருந்து எடுத்த விவரம் இன்றைய விதிபோலத் தளத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. தவறுக்கான ஊற்றையும் மாணவருக்குக் காட்டினால் அவர் மீண்டும் அதில் விழமாட்டார்.

‘பெயர் போட்டுவிட்டால் போதும்’ என்பது மற்றொன்று. பெயர் குறிப்பிடுவது நேர்மை. அனுமதி என்பது வேறு. அனுமதி தேவைப்படும் இடத்தில் பெயர் குறிப்பு அதற்கு ஈடாகாது. ‘பணம் சம்பாதிக்கவில்லை, எனவே குற்றமில்லை’ என்பதும் இதே குடும்பம். வணிக நோக்கம் இல்லாதது ஒரு காரணியாக எடைபோடப்படலாம், தனியே விடுதலை தராது.

‘உங்கள் கதையைத் தபாலில் உங்களுக்கே அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தால் பதிப்புரிமை கிடைக்கும்’ என்ற பழைய நம்பிக்கையும் அடிக்கடி வரும். உரிமை ஏற்கெனவே இருக்கிறது. உறை அதை உண்டாக்குவதில்லை. திறந்திருந்த உறையை அனுப்பிவிட்டுப் பிறகு நிரப்பி ஒட்ட முடியும் என்பதால் அது நல்ல சான்றும் அல்ல.

தகவலுக்கும் உரிமை உண்டு என்று நினைப்பது இன்னொன்று. 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தொலைபேசிப் புத்தகம் தொடர்பான ஃபைஸ்ட் வழக்கில், பெயரும் எண்ணும் அகரவரிசையில் அடுக்கப்பட்டதற்குப் பதிப்புரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. உழைப்பு மட்டும் போதாது, சிறிதளவாவது படைப்பாற்றல் வேண்டும். மாணவர்களுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். தளத்தில் இது இருந்தால் பாராட்டுங்கள்.

‘30 வினாடி இசை’, ‘10 சதவீதம்’ என்றெல்லாம் தளம் அளவு சொல்கிறதே, சரியா?

சட்டத்தில் அப்படி ஒரு பொது அளவு இருப்பதாக எழுதியிருந்தால் தவறு. அமெரிக்காவின் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு நியாயமான பயன்பாட்டுக்கு, அதாவது அனுமதி கேட்காமலே பயன்படுத்துவதற்கு, நான்கு காரணிகளைச் சொல்கிறது: பயன்பாட்டின் நோக்கம், மூலப் படைப்பின் தன்மை, எடுத்த அளவும் முக்கியத்துவமும், மூலத்தின் சந்தை மீதான விளைவு. எண் எதுவும் அதில் இல்லை.

10 சதவீதம் எங்கிருந்து வந்தது? அதே ஆண்டில் கல்வியாளர்களும் பதிப்பாளர்களும் பேசி ஒப்புக்கொண்ட வகுப்பறை வழிகாட்டுதலில், உரைநடைப் பகுதிக்கு 1,000 சொற்கள் அல்லது 10 சதவீதம், எது குறைவோ அது என்று ஒரு வரம்பு இருந்தது. அது வழிகாட்டுதல், சட்டம் அல்ல. அளவு சிறியதாக இருந்தும் தோற்ற வழக்கும் உண்டு. 1985-இல் ஹார்ப்பர் அண்ட் ரோ வழக்கில், முன்னாள் அதிபர் ஒருவரின் இன்னும் வெளியாகாத நினைவுக் குறிப்பிலிருந்து ஓர் இதழ் சொல்லுக்குச் சொல் எடுத்தது ஏறத்தாழ 300 சொற்கள்தான். அந்தச் சொற்கள் நூலின் உயிர்ப்பகுதி என்பதால் அது நியாயமான பயன்பாடு அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

மாணவர் தளம் நான்கு காரணிகளையும் பட்டியலிட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்து நின்றுவிடாதீர்கள். ஒரு சூழ்நிலையை எடுத்து நான்கையும் அதில் பொருத்திக் காட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலுக்கு ஒரு மதிப்பெண் என்றால் பொருத்திக் காட்டியதற்கு நான்கு.

எந்த நாட்டுச் சட்டம் என்று தளம் சொல்லவே இல்லை. அது பெரிய குறையா?

மிகப் பெரிய குறை. எல்லா நாட்டிலும் அமெரிக்காவின் ‘ஃபேர் யூஸ்’ (நியாயமான பயன்பாடு) இருப்பதாக எழுதுவது இதன் நேரடி விளைவு. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுச் சட்டம், பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவற்றில் இருப்பது ‘ஃபேர் டீலிங்’, அதாவது நியாயமான கையாளுகை. ஆய்வு, விமர்சனம், நடப்புச் செய்தி என்று சட்டம் பெயர் சொல்லும் நோக்கங்களுக்குள் உங்கள் பயன்பாடு முதலில் அடங்க வேண்டும். அதன் பிறகுதான் நியாயமா என்ற கேள்வி. நோக்கங்களை வரையறுத்து மூடும் பட்டியல் இல்லாமல் காரணிகளை எடைபோடும் அமெரிக்க முறையிலிருந்து இது அடிப்படையில் வேறு.

காலக் கணக்கிலும் இதே சிக்கல். 1950-இல் ஓர் எழுத்தாளர் இறந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறந்தபின் 50 ஆண்டு என்னும் நாட்டில் 2000 இறுதியில் உரிமை முடிந்தது. 60 ஆண்டு தரும் இந்தியாவில் 2010 இறுதியில். 70 ஆண்டு தரும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2020 இறுதியில். மெக்சிகோவில் 100 ஆண்டு. அமெரிக்காவில் 1978-க்கு முன் வெளியான பல படைப்புகளுக்குக் கணக்கு இறந்த ஆண்டிலிருந்து தொடங்காது. வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு. எனவேதான் 1930-இல் வெளியான நூல்கள் அங்கே 2026 ஜனவரி 1-இல் பதிப்புரிமையிலிருந்து விடுபட்டன. ‘பதிப்புரிமை 70 ஆண்டு’ என்று மட்டும் எழுதிய தளத்திடம் கேளுங்கள்: எங்கே, எப்போதிலிருந்து?

தமிழில் எழுதப்பட்ட தளமென்றால் தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டா?

உண்டு, சொற்கள். நான்கு இடங்களில் தமிழ்ச் சொல்லே மாணவரைத் தவறான வழியில் இழுத்துச் செல்லும்.

காப்புரிமை என்பதைச் சிலர் பதிப்புரிமைக்கும் சிலர் புத்தாக்கத்துக்கான பேட்டன்ட்டுக்கும் எழுதுகிறார்கள். ஒரே தளத்தில் இரண்டு பொருளிலும் வந்தால், ‘காப்புரிமை 20 ஆண்டு’ என்ற பேட்டன்ட் விவரம் கதைக்கும் பாட்டுக்கும் பொருந்துவதுபோல ஆகிவிடும். எந்தச் சொல்லை எந்தப் பொருளில் ஆள்கிறோம் என்று முகப்பிலேயே சொல்லி, கடைசிவரை அதையே பின்பற்ற வேண்டும்.

‘கருத்துத் திருட்டு’ என்ற சொல் இன்னும் குழப்பமானது. பதிப்புரிமை கருத்தைக் காப்பதே இல்லை. கருத்தை வெளியிட்ட வடிவத்தைத்தான் காக்கிறது. பிறர் கருத்தைப் பெயர் சொல்லாமல் எடுப்பது கல்வி நேர்மைக் குறைபாடு. பதிப்புரிமை மீறலாக இருக்கவேண்டியதில்லை. உரிமை முடிந்த நூலைத் தன் பெயரில் வெளியிடுவது பெயர்த் திருட்டு, ஆனால் உரிமைக் காலம் முடிந்ததால் பதிப்புரிமை மீறல் அல்ல என்று சொல்லப்படலாம். மறுபுறம், ஆசிரியர் பெயரைப் பெரிதாகப் போட்டு முழு நாவலையும் இணையத்தில் ஏற்றுவதில் பெயர்த் திருட்டு இல்லை. பதிப்புரிமை மீறல் உண்டு. இந்த இரண்டு எடுத்துக்காட்டுகளையும் தளம் பிரித்துக் காட்டினால் மாணவர் தெளிந்துவிட்டார் என்று பொருள்.

மூன்றாவது ‘பொதுவெளி’. ‘பொதுவெளியில் கிடைத்த படம்’ என்று எழுதுகிறவர் பெரும்பாலும் சொல்ல நினைப்பது, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கிறது என்பதையே. உரிமைக் காலம் முடிந்த படைப்புகள் இருக்கும் பொது உரிமைப் பரப்பு வேறு. நான்காவது, ‘உரிமை’, ‘உரிமம்’: முன்னது படைப்பாளியிடம் இருப்பது, பின்னது அவர் பிறருக்குத் தரும் அனுமதி. ஓர் எழுத்து மாறினாலும் வாக்கியம் தலைகீழாகும்.

தளத்தில் இருக்கும் படங்களை எப்படிச் சரிபார்ப்பது?

எல்லாப் படங்களையும் ஒரு தாளில் எண்ணிட்டு எழுதுங்கள். பின்னணிப் படம், பொத்தான்களில் உள்ள சின்னப் படம், பக்கத் தலைப்பிலுள்ள பட்டை ஆகியவையும் சேர்த்தி. உரிமக் குறிப்பு விடுபடுவது பெரும்பாலும் இவற்றுக்குத்தான். 20 படங்களுக்குள் இருந்தால் அனைத்தையும், அதற்கு மேல் இருந்தால் மூன்றில் ஒன்றையும் சரிபாருங்கள்.

ஒவ்வொன்றுக்கும் முதலில் மாணவர் கொடுத்த இணைப்பைச் சொடுக்குங்கள். அது படக் கோப்பையே திறக்கிறதா, அல்லது உரிமம் எழுதப்பட்டிருக்கும் விவரப் பக்கத்துக்குப் போகிறதா? கோப்புக்கு மட்டும் போனால் உரிமத்தை யாரும் பார்க்க முடியாது, குறை. விவரப் பக்கத்திலுள்ள பெயரும் உரிமமும் மாணவர் எழுதியதோடு ஒத்துப்போகின்றனவா பாருங்கள்.

இணைப்பே இல்லாத படத்தைச் சேமித்து, கூகுள் லென்ஸிலோ டின்ஐ தளத்திலோ ஏற்றித் தேடுங்கள். டின்ஐயில் முடிவுகளைப் பழமையானது முதலில் வரும்படியும், பெரிய அளவு முதலில் வரும்படியும் அடுக்கலாம். மிகப் பழைய பதிவும் மிகப் பெரிய கோப்பும் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கேதான் மூலம் இருக்கும் வாய்ப்பு அதிகம். அந்த இடம் படங்களை விற்கும் நிறுவனமாக இருந்தால் உடனே மாணவருக்குத் தெரிவியுங்கள். மதிப்பீடு முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி படங்களைத் தொகுத்துவைக்கும் விக்கிமீடியா காமன்ஸில் இருக்கிறது என்பதாலேயே முடிந்துவிடாது. பிறர் படத்தைத் தம்முடையது என்று ஏற்றியிருக்கவும் கூடும். ஏற்றியவரும் எடுத்தவரும் ஒருவரே என்று விவரப் பக்கம் சொல்கிறது, ஆனால் அதே படம் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே வேறிடத்தில் இருக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். அன்ஸ்பிளாஷ், பிக்சபே ஆகிய இலவசப் படத் தளங்களின் படங்களுக்கு ‘சிசி ஜீரோ’ (உரிமை முழுவதையும் விட்டுக்கொடுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் அறிவிப்பு) என்று எழுதியிருந்தாலும் நின்று பாருங்கள். முன்னது 2017-இலும் பின்னது 2019-இலும் அதைக் கைவிட்டுச் சொந்த உரிமங்களுக்கு மாறிவிட்டன.

‘நன்றி: கூகுள்’, ‘படம்: இணையம்’ என்று போட்டிருந்தால்?

குறிப்பே இல்லாததற்குச் சமம். கூகுள் தேடித் தருகிறது; படைப்பதில்லை. மாணவரைத் திட்டாமல் சரியான வடிவத்தைக் காட்டுங்கள்: ‘தலைப்பு, படைத்தவர் பெயர், மூலப் பக்கத்தின் இணைப்பு, உரிமத்தின் பெயரும் பதிப்பு எண்ணும் அதற்கான இணைப்பும், செய்த மாற்றம்.’ வலப்புறம் வெட்டியிருந்தால் ‘வலப்புறம் வெட்டப்பட்டது’ என்று எழுத வேண்டும். எல்லாப் படங்களின் குறிப்பையும் கடைசிப் பக்கத்தில் மொத்தமாகக் கொட்டியிருந்தால், எது எந்தப் படத்துக்கு என்று தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால் பாதி மதிப்பெண்தான்.

கிரியேட்டிவ் காமன்ஸ் பகுதியை மதிப்பிடும்போது எதைக் கவனிப்பது?

கிரியேட்டிவ் காமன்ஸ் என்பது படைப்பாளி தன் படைப்பில் சேர்க்கக்கூடிய ஆயத்த உரிமங்களின் தொகுப்பு. முதல் உரிமங்கள் வெளியானது 2002 டிசம்பரில். இன்று பரவலாக இருக்கும் 4.0 பதிப்பு 2013-இல் வந்தது. உரிமங்கள் ஆறு; சிசி ஜீரோ அவற்றில் சேராது, அது உரிமையையே விட்டுக்கொடுக்கும் தனிக் கருவி. தளம் ‘கிரியேட்டிவ் காமன்ஸ் என்றால் இலவசம்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தால் பகுதி தேறவில்லை என்று பொருள். பதிப்புரிமை அப்படியே இருக்கிறது, நிபந்தனையோடு முன்கூட்டியே அனுமதி தரப்படுகிறது என்பதுதான் சாரம்.

நடைமுறையில் தவறுவது மூன்று இடங்களில். மாற்றம் கூடாது என்ற நிபந்தனையுள்ள படத்தில் மாணவர் தன் தளத்தின் பெயரைப் பொறித்து, நிறம் மாற்றி வெளியிடுவது. வணிகப் பயன்பாடு கூடாது என்ற படத்தை, விளம்பரம் வரும் இலவசத் தளத்தில் வைத்துவிட்டு யோசிக்காமலே இருப்பது. ‘அதேபோல் பகிர்க’ (மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்திலேயே வெளியிட வேண்டும்) என்ற நிபந்தனையுள்ள இரு படங்களை, ஒன்று வணிகத் தடையோடும் மற்றது தடையின்றியும் இருக்க, ஒட்டி ஒரே படமாக்குவது. கடைசியது சிக்கலானது: கலவையை எந்த உரிமத்தில் வெளியிட்டாலும் இரண்டில் ஒரு நிபந்தனை மீறப்படும். பக்கத்தில் தனித்தனியாக வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை.

தவறு கண்டுபிடிக்கப்பட்டால் அச்சப்படத் தேவையில்லை. 4.0 உரிமத்தில், மீறலைத் தெரிந்துகொண்ட 30 நாளுக்குள் சரிசெய்தால் அனுமதி தானாகத் திரும்பிவிடும். திருத்தக் கெடு வைக்கும்போது இதை மனத்தில் கொள்ளுங்கள்.

இசை, எழுத்துரு?

பின்னணி இசை இருந்தால் உரிமம் கேளுங்கள். பாடலுக்கும் அதன் ஒலிப்பதிவுக்கும் தனித்தனி உரிமை உண்டு என்பதால், பழைய பாடல் என்ற காரணம் புதிய பதிவுக்குப் பொருந்தாது. இதேபோல், ஆயிரம் ஆண்டுப் பழைய செய்யுளுக்கு உரிமை இல்லை. அதற்குச் சென்ற ஆண்டு ஒருவர் எழுதிய உரைக்கும் மொழிபெயர்ப்புக்கும் உண்டு. எழுத்துரு எந்த உரிமத்தில் கிடைத்தது என்று மாணவரிடம் கேட்டாலே போதும். திறந்த எழுத்துரு உரிமம் என்றால் தளத்தில் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கல்விக்காகச் செய்தது. சட்டத்தில் கல்விக்கு விலக்கு இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் பல நாடுகளில் அந்த விலக்கு கற்பித்தல் நடக்கும் இடத்தோடும், ஆசிரியர் மாணவர் வட்டத்தோடும் கட்டுண்டது. கடவுச்சொல்லுக்குள் வகுப்பு மட்டும் பார்க்கும் பக்கம் ஒன்று. உலகமே பார்க்கும் தளம் வேறொன்று. செயல்திட்டம் வகுப்பறையில் தொடங்கிப் போட்டிக்காகத் திறந்த தளமாக மாறும்போது, வகுப்புக்குள் செல்லுபடியான அதே படம் செல்லாமல் போகலாம். தளம் இந்த வேறுபாட்டை விளக்கியிருக்கிறதா என்று தேடுங்கள். ‘பள்ளிப் பணிக்கு எதை வேண்டுமானாலும் எடுக்கலாம்’ என்று எழுதியிருந்தால் அதைக் கடுமையான தவறாகக் கருதுங்கள். படிக்கும் பிள்ளைகள் அதை நம்பிச் செயல்படுவார்கள்.

வாக்கியங்கள் எங்கிருந்தோ எடுத்தவைபோல் இருக்கின்றன. செயற்கை நுண்ணறிவு எழுதியதாகவும் இருக்கலாம். என்ன செய்வது?

ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் எட்டிலிருந்து பத்துச் சொற்கள் கொண்ட, சற்று வித்தியாசமான ஒரு தொடரை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். சட்டப் பிரிவின் சொற்களை விட்டுவிடுங்கள், அவை எங்கும் ஒன்றாகத்தான் இருக்கும். பக்கத்தின் நடுவிலிருந்து எடுங்கள். முதல் வாக்கியத்தைத்தான் எல்லோரும் மாற்றி எழுதுவார்கள்.

செயற்கை நுண்ணறிவைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் கருவிகளின் முடிவை வைத்து மதிப்பெண் குறைக்காதீர்கள். மாணவரே எழுதியதையும் அவை குற்றம் சாட்டும். அதைவிட நல்ல சோதனை, தளத்தில் வரும் ஒவ்வொரு வழக்கின் பெயரையும் ஆண்டையும் தேடிப் பார்ப்பது. இல்லாத வழக்கை உண்டுபோல் எழுதுவது இக்கருவிகளின் தெரிந்த குணம். அப்படி ஒன்று சிக்கினால் எழுதியது யார் என்ற விவாதமே தேவையில்லை, தவறான தகவல் என்றே குறைத்துவிடலாம்.

கருவி வரைந்த படம் யாருக்குச் சொந்தம் என்பதில் உலகம் முழுவதற்கும் ஒரே விடை சொல்லும் தளத்தை ஏற்காதீர்கள். மனிதப் படைப்பாளி இல்லாமல் பதிப்புரிமை இல்லை என்பதை அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் தாலர் வழக்கில் உறுதிசெய்தது. பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்திலோ கணினி உருவாக்கிய படைப்புக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது.

வினாடி வினாவை எப்படி மதிப்பிடுவது?

நீங்களே விளையாடுங்கள், வேண்டுமென்றே தவறான விடைகளையும் தேர்ந்தெடுங்கள். தவறு என்று சிவப்பில் காட்டிவிட்டு நின்றால் அது சோதனை. ஏன் தவறு என்று இரண்டு வரி சொன்னால் அது பாடம். சூழ்நிலையைப் பொறுத்தே விடை சொல்லக்கூடிய கேள்விக்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டு தேர்வு மட்டும் தந்திருந்தால் கேள்வியே தவறு. ‘நண்பரின் படத்தை என் தளத்தில் போடலாமா?’ என்பதற்கு விடை, நண்பர் எடுத்த படமா, நண்பரை எடுத்த படமா என்பதிலிருந்தே பிரிகிறது.

வடிவமைப்புக்கு எவ்வளவு முக்கியத்துவம்?

குறைவாகவே. கைப்பேசியில் திறந்து பாருங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டுதலின் ஏஏ நிலை. சரிபார்க்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. படங்களுக்கு மாற்று உரை (படத்தைப் பார்க்க முடியாதவருக்கு அதை விளக்கும் எழுத்து) உண்டா என்றும் பாருங்கள். மாணவர்களின் முழுப்பெயர், முகம், கைப்பேசி எண் மூன்றும் ஒரே பக்கத்தில் இருந்தால் உடனே நீக்கச் சொல்லுங்கள். இதற்கு மதிப்பெண் கணக்கு வேண்டாம், பாதுகாப்பு விஷயம்.

மதிப்பெண்களை எப்படிப் பிரிப்பது?

நூற்றுக்கு: உள்ளடக்கத்தின் சரித்தன்மை 35, தளத்தின் சொந்த நடத்தை 35, விளக்கும் திறனும் வினாடி வினாவும் 20, வடிவமைப்பும் அணுகலும் 10. இத்துடன் ஒரு வரம்பும் வையுங்கள். படிப்பவர் அதை நம்பிச் செய்தால் சிக்கலில் மாட்டக்கூடிய தவறு ஒன்று இருந்தாலும், திருத்தும்வரை முதல் பகுதியில் 17-ஐத் தாண்டக் கூடாது. இருவர் தனித்தனியாக மதிப்பிட்டு, எந்தப் பகுதியிலாவது 5-க்கு மேல் வேறுபட்டால் அந்தப் பகுதியை மட்டும் சேர்ந்து பாருங்கள். வேறுபாடு பெரும்பாலும் இரண்டாம் பகுதியில் வரும். ஒருவர் படத்தை எண்ணியிருப்பார், மற்றவர் பார்வையால் அளந்திருப்பார்.

தளத்திலேயே உரிமை மீறல் இருந்தால் தோல்வி அடையச் செய்யலாமா?

உடனே வேண்டாம். பக்க முகவரி, படத்தின் எண், என்ன குறை, எப்படிச் சரிசெய்வது என்ற நான்கையும் எழுதி, ஒரு வாரம் கொடுங்கள். ‘பதிப்புரிமையைக் கவனிக்கவும்’ என்ற பொதுக் குறிப்பால் யாரும் எதையும் திருத்தியதில்லை. ‘மூன்றாம் பக்கத்தின் இரண்டாவது படம் விற்பனைத் தளத்தைச் சேர்ந்தது. நீக்குங்கள், அல்லது நீங்களே ஒரு படம் வரைந்து வையுங்கள்’ என்றால் அன்று மாலையே வேலை நடக்கும். எழுதிக் கேட்டுப் பெற்ற அனுமதி இருந்தால் அதன் நகலைக் காட்டச் சொல்லுங்கள். முயன்று கேட்டுப் பதில் வராததால் படத்தைக் கைவிட்டேன் என்று மாணவர் சொன்னால், அந்த முயற்சிக்கே மதிப்பெண் உண்டு.

நல்ல தளம் ஒன்றை அடுத்த வகுப்புக்கு மாதிரியாகக் காட்டலாமா? நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாமா?

இணைப்பைத் தருவதில் தடையில்லை. நகல் எடுத்து வேறிடத்தில் வைப்பதற்கு அனுமதி வேண்டும். தளத்தின் பதிப்புரிமை பொதுவாக அதை உருவாக்கிய மாணவர்களுடையது. மதிப்பெண் போட்டதால் ஆசிரியருக்கு அது வருவதில்லை, வயது குறைவாக இருப்பதாலும் அவர்களிடமிருந்து போவதில்லை. நால்வர் சேர்ந்து பிரிக்க முடியாதபடி எழுதியிருந்தால் நால்வரிடமும் கேளுங்கள், சிறார் என்றால் பெற்றோரிடமும். எந்தப் பக்கங்கள், எத்தனை ஆண்டு, பெயர் போடலாமா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தளத்தின் அடியில் மாணவர்களே ஓர் உரிமத்தைத் தேர்ந்தெடுத்து அறிவித்திருந்தால் கேட்கும் வேலையே இல்லை. அந்த உரிமத்தின் நிபந்தனைப்படி நடந்தால் போதும்.